ஒழுகாத பெட்டி

மூன்றாவது ஞாயிறும் பூசை முடிந்த கையோடு புளியங்கூடலுக்குப் போனோம். மார்க்கண்டு அண்ணையின் வளவில் அந்த இரண்டு பெட்டிகளும் அப்படியே நின்றன. லான்மாஸ்ரர் உழவு மெசினுக்குப் பின்னால் கொழுவி இழுக்கவும், உள்ளே படுத்தெழும்பவும் என்று பழைய ஜீப் சாமான்களைக் கொண்டு அவர் செய்தவை. ஒன்று சின்னச் சில்லு, தகரக் கூரை, பச்சைப் பெயின்ற். மற்றது ஜீப்புச் சில்லு, நல்ல நீளம், படங்குத் துணிக் கூரை. இதில் ஒன்றைத் தெரிவு செய்ய என் மனுசனுக்கு மூன்று கிழமை போதவில்லை. என்னைப் பெண் பார்க்க ஒரேயொரு நாள்தான் வந்தவர்.

மீன்பிடி சீசனுக்கு அவர் முல்லைத்தீவுக் கரைக்குப் போனால் ஐந்து மாதம். கரையில் போடுகிற ஓலைவாடிக்குள் ஈரமணலில் பிள்ளையைக் கிடத்த ஏலாது என்று ஒவ்வொரு வருசமும் எங்களை நாரந்தனை வீட்டில் விட்டுவிட்டுப் போவார். போன வருசம் பிள்ளைக்கு நெருப்புக் காய்ச்சல். தந்தி அடித்து ஒன்பதாம் நாள்தான் வந்து சேர்ந்தார். அந்த ஒன்பது நாளும் நான் பட்ட பாட்டை இன்னொரு தரம் படமாட்டேன். இந்தமுறை நாங்களும் போகிறோம். அதற்குத்தான் பெட்டி.

என் மனுசன் கிணற்றில் தண்ணீர் அள்ளிவந்து பெட்டிக்கொரு வாளியாக உள்ளே ஊற்றினார். பிறகு குனிந்து அடியைப் பார்த்தார். வள்ளம் வாங்குகிறவர்கள் செய்கிற வேலை. படங்குப் பெட்டி பலகை இடுக்குகளால் ஒழுகியது. பச்சையில் ஒரு சொட்டும் வரவில்லை.

"பாத்தீரோ? இதுதான் சாமான்," என்றார்.

"ஒழுகினா என்ன, ஒழுகாட்டி என்ன? உதில கடலுக்கே போகப் போறியள்?"

மார்க்கண்டு அண்ணை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சின்னச் சில்லு மணலில புதையும் எண்டு முதலே சொன்னனான், மரியநாயகம்," என்றார்.

"புதைஞ்சா தூக்கிவிடலாம். வலை நனையாது."

"அதுக்குள்ள வலையும் நீங்களும்தான் கொள்ளுவியள். நாங்கள் எங்க படுக்கிறது?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "முதல் நான் போறன். பிறகு வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போறன்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. பூசைச் சேலையோடு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, அந்த ஒழுகின பெட்டிக்குள் ஏறி ஈரப் பலகையில் நீட்டி நிமிர்ந்து படுத்தேன். பிள்ளையைப் பக்கத்தில் கிடத்தினேன். முதுகு சில்லிட்டது.

"எழும்பும். சனம் பாக்குது."

"பாக்கட்டும்."

பிறகு பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. அவர் ஏறி, பிள்ளைக்கு அங்கால் படுத்தார். அவருடைய கால்கள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

"மடக்குங்கோ," என்றேன்.

மடக்கினார். மார்க்கண்டு அண்ணை பின்கதவைத் தூக்கிச் சாத்தினார். வெளியே கொளுக்கி விழுகிற சத்தம் கேட்டது.