செட் மாத்திரை

காலை ஆறு மணிக்கு காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டைகள் இறங்கும். குத்துக்காலிட்டு அழுகலைப் பொறுக்கிவிட்டு, நல்லதைக் கூடையில் சுமந்து கடைகளுக்குக் கொண்டுபோவது ரெங்கம்மாளின் வேலை. கூடை தூக்கினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். தொடங்குமுன் எதிரே கலையரசனின் மருந்துக் கடைக்குப் போவாள்.

"ஒரு செட் குடுங்கண்ணே. முட்டி பேசுது."

"என்ன பேசுது?"

"உங்க கடைக்கு வழி கேக்குது."

கலையரசன் சிரித்துக்கொண்டே நான்கு மாத்திரைகளைத் தாளில் மடித்துக் கொடுப்பார். டாக்டர் சீட்டு கேட்டதில்லை. அதில் சின்ன வெள்ளை மாத்திரைதான் வலியை உடனே அடக்கும். அது ஸ்டீராய்டு என்று அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது; சத்து மாத்திரை என்று நினைத்திருந்தாள்.

மூன்று வருடத்தில் அவள் முகம் உப்பியது. உடம்பு தேறிவிட்டதாக நம்பினாள்.

ஐப்பசியில் ஒரு நாள் வெறும் கூடையை எடுக்கக் குனிந்து திரும்பினாள். அப்படியே சரிந்தாள். தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்திருந்தது.

மறுநாள் கலையரசன் ரொட்டி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டர் பெலிண்டா ரெங்கம்மாளின் கணவன் சின்னையாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"எலும்பு உள்ள கல்லு மாதிரி இருக்காதுங்க. கண்ணுக்குத் தெரியாத வலை. உங்க வெங்காய மூட்டை வலை மாதிரி, எல்லா இழையும் சேர்ந்துதான் பாரம் தாங்கும். இழை பழசாக ஆக உடம்பு புதுசு கட்டும். இவங்களுக்குக் கட்டுறது குறைஞ்சு, உள்ள நிறைய இழை அறுந்துபோச்சு. ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிட்டாங்களா?"

"சத்து மாத்திரைதாங்க சாப்பிட்டா."

ரெங்கம்மாள் கலையரசனைப் பார்த்துவிட்டாள். "அண்ணனே வந்துட்டாரு. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை கொண்டாந்தீங்களா? நாளைக்கே எந்திரிச்சிருவேன்."

அவர் கை ரொட்டியை நசுக்கியது. "அது சத்து மாத்திரை இல்ல, டாக்டர். ஸ்டீராய்டு. நாந்தான் குடுத்தேன்."

சின்னையா அவரையே பார்த்தான்.

"மறுபடி கூடை தூக்குவனா?" என்று ரெங்கம்மாள் கேட்டாள்.

"ஆபரேஷன் செஞ்சு நடக்க வைக்கலாம்," என்றார் டாக்டர். "கூடை இனிமே வேணாம்மா."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் ஒரு சுமைதூக்கி கடைக்கு வந்தார். "இடுப்பு விட்டுப்போச்சு. ஒரு செட் போடுங்க."

கலையரசன் எதிரே ரெங்கம்மாள் உட்காரும் இடத்தைப் பார்த்தார். காலியாக இருந்தது.

"இனிமே சீட்டு இல்லாம கிடையாதுங்க. டாக்டரைப் பாருங்க. வலி அடங்குறது வேற, குணமாகுறது வேற. ரெண்டும் ஒண்ணுன்னு ரெங்கம்மாளை நம்பவச்சு, அவ எலும்பை உடைச்சது நான்தான்."