வெளுத்த தண்ணீர்

நகரியில் வேதாச்சலத்தின் சாயப்பட்டறைக் கால்வாயைப் பார்த்தே, இந்த வாரம் எந்த நிறப் புடவைக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று ஊரார் சொல்லிவிடுவார்கள். பொறுத்துப் பார்த்துப் புகார் கொடுத்தார்கள். அந்த மகராசன் என்ன செய்தான்? கழிவில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, நிறத்தை மட்டும் போக்கி, பழையபடி ஏரிக்கே விட்டான்.

சோதனைக்கு வந்த அதிகாரி சுரேஷ்பாபு, ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். "நீள்ளு பாகுன்னாயி கதா! தண்ணி நல்லாத்தானே இருக்குது" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். வெட்கங்கெட்ட சோதனை! இதைவிடப் பெரிய கூத்து, ஊரை ஏமாற்றச் சொன்ன பொய்யை வேதாச்சலமே நம்பியதுதான். நம்பாவிட்டால், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளுக்கு அந்த ஏரி விராலையே வாராவாரம் வாங்கி வருவானா?

மகள் ஹரிதா திருப்பதியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவள். ஏரிக்கரைக் கொக்குகளின் முட்டைகள் தொட்டாலே நொறுங்குவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, தண்ணீர், பாசி, நத்தை, மீன் எல்லாவற்றையும் சோதனைக்கு அனுப்பியிருந்தாள். அதிகாரி போன அன்றே, மதியம் சோற்றில் கை வைத்தபோது ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. பேசி முடித்தவள் தட்டைத் தள்ளினாள்.

"நைனா, இந்த மீனு எங்க வாங்கின?"

"நம்ம ஏரிதாம்மா. உசுரோட புடிச்சது. துன்னு."

"பவுடர் போட்டா நெறந்தான் போவும். சாயத்துல கீற விஷம் எங்க போவும்? தண்ணியில துளிதான் கீதாம். பாசியில அதவிட ஜாஸ்தி. பாசியத் துன்ற நத்தையில இன்னும் ஜாஸ்தி. நத்தையத் துன்ற விரால்ல..." ஹரிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அந்த விரால கொக்கு துன்னுச்சு, முட்டை நொறுங்குது. நானும் துன்னுக்கினுதான் கீறேன். என் வயித்துல கீறது என்னைத்தானே துன்னுது, நைனா?"

வேதாச்சலம் பட்டறைக்கு ஓடினான். கழிவு போகும் குழாயின் வாயை மண்மூட்டைகளால் அடைத்துவிட்டு, மூச்சிரைக்க சுரேஷ்பாபுவுக்குப் போன் போட்டான்.

"சார், திரும்பி வாங்க. என் பட்டறைக்கு சீல் வையுங்க."

"ஏமய்யா, நீள்ளு பாகுன்னாயி கதா?"

"தண்ணியத் தூக்கிப் பாத்துட்டுப் போனா ஆச்சா சார்?" என்று கத்தினான் வேதாச்சலம். "அதுல வாழற மீன அறுத்துப் பாருங்க! நெறம் போனா விஷம் போயிடாது. நான் ஏரியில வுட்டது நத்தை, மீனுன்னு ஏறி ஏறி, என் பொண்ணு வயித்துக்கே வந்துடுச்சு சார்!"