விழுந்தால் ஒரு சிவப்புப் புள்ளி

முதியவர்கள் தடுமாறி விழாமலிருக்கப் பயிற்சி சொல்லித்தரும் டீச்சருக்கு அரசு மானியம் கிடைத்தது. கூடவே நிபந்தனையும் வந்தது. பன்னிரண்டு முதியோர் மையங்களில் ஆறில் மட்டும் இப்போது வகுப்பு. மற்ற ஆறில் ஆறு மாதம் கழித்து. எந்த ஆறு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு மையத்துக்காரர்களும் வீட்டில் நாட்காட்டி மாட்டி, விழுந்த நாளில் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும்.

டீச்சர் நேராக மானியப் பிரிவு அதிகாரியின் மேசைக்குப் போனார்.

"பதினஞ்சு வருஷமா சொல்லிக் குடுக்கிறேன் மேடம். நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது போதாதா?"

"உங்க முகத்துக்கு நேரா வேற என்ன சொல்லுவாங்க?" அதிகாரி சிரித்தார். "போன திட்டத்துல வழுக்காத பாய் குடுத்தோம். எத்தனை பாய்னு கேட்டா உடனே சொல்லுவேன். விழறது குறைஞ்சுதான்னு கேட்டா முழிப்பேன். அதான் இந்தத் தடவை ஆரம்பத்துலயே இதைச் சேர்த்துட்டோம்."

வீட்டில் கணவர், "இத்தனை நாள் கழிச்சு உனக்குப் பரீட்சையா?" என்று சீண்டினார். டீச்சர் தட்டை 'டங்'கென்று வைத்தார்.

மூன்று மாதம் கழித்து நாட்காட்டிகள் வந்தன. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு ஆட்கள். வகுப்பு இல்லாத மையங்களில் இருபத்திரண்டு புள்ளிகள். வகுப்பு நடந்த மையங்களில் முப்பத்தொன்று! டீச்சர் நாட்காட்டிகளை அள்ளிக்கொண்டு அதிகாரியிடம் ஓடினார்.

"நிறுத்திடுவீங்களா மேடம்?"

"நிறுத்தறதுக்கா எண்ணச் சொன்னோம்? ஏன்னு பார்ப்போம், வாங்க."

இருவரும் நாட்காட்டிகளைத் தரையில் பரப்பி மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். வகுப்பு நடந்த பக்கம் பாதிக்கு மேல் புள்ளிகள் செவ்வாயிலும் வெள்ளியிலும் இருந்தன. இரண்டும் வகுப்பு நாட்கள்.

வெள்ளிக்கிழமையில் புள்ளி வைத்திருந்த, வகுப்பில் 'கேப்டன்' என்று எல்லோரும் கூப்பிடும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்கு டீச்சர் போன் போட்டார்.

"ஐயா, வெள்ளிக்கிழமை எங்க விழுந்தீங்க?"

"விழல டீச்சர், உட்கார்ந்தேன். படியில உட்காரணும்னுதான் நினைக்கல."

"எந்தப் படி?"

"மண்டப வாசல் படிதான். வகுப்பு முடிஞ்சதும் காலு ரெண்டும் பஞ்சாயிடுது. பிடிச்சுக்கக் கம்பியும் இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"பாவம், நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்."

டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. மற்றவர்களைக் கேட்டபோதும் அதே படிக் கதைதான். அடுத்த வாரமே வகுப்பு நடக்கும் ஆறு மண்டபத்துப் படிகளிலும் கைப்பிடிக் கம்பி போடப்பட்டது. வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து இளைப்பாறும் நேரமானது.

அடுத்த மூன்று மாதத்தில் வகுப்பு நடந்த பக்கம் ஒன்பது புள்ளிகள். நடக்காத பக்கம் இருபத்து நான்கு. நம்ப முடியாமல் டீச்சர் இரண்டு தடவை எண்ணினார். மூன்றாவது தடவை கணவரை எண்ணச் சொன்னார்.

காத்திருந்த ஆறு மையங்களுக்கும் கம்பியோடு சேர்த்தே வகுப்பு வந்தது. அதற்கான தாளில் கையெழுத்துப் போடும்போது டீச்சர் தயங்கினார்.

"மேடம், பின்னாடி நடக்கிற பயிற்சி ஒண்ணு வெச்சிருக்கேன். அதால பிரயோஜனம் உண்டான்னு எனக்கே தெரியல. மூணு மையத்துல அதை விட்டுட்டுப் பார்க்கலாமா?"

அதிகாரி பேனாவை மூடிவிட்டு, பக்கத்து நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க. எந்த மூணுன்னு இப்பவே சீட்டுப் போட்டுடுவோம்."