அடியில் தங்காத பொடி

குச்சி என்று பெயர் வைத்தவர்கள் இப்போது வந்து அவன் தோளைப் பார்க்க வேண்டும். சின்ன வயதில் சட்டைக்குள் ஆள் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. வளர்ந்து பளுதூக்கும் வீரனானான், கதவு நிறைய நடந்து வந்தான், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவன் மட்டும் சும்மா இருப்பானா? விளையாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தன் அக்காவுக்கு ‘டப்பா டாக்டர்’ என்று பெயர் வைத்துப் பழிதீர்த்துக்கொண்டான். எந்நேரமும் பொடி டப்பாக்களோடு மல்லுக்கட்டுகிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவது!

அந்த வருடம் அவள் கையில் இருந்தது ஒரே கேள்வி. கிரியேட்டின் என்கிற பொடியைக் குடித்தால், காயம்பட்டுத் திரும்பி வரும் வீரர்களுக்குப் பலம் சீக்கிரம் கூடுமா? பாதிப் பேருக்கு நிஜப் பொடி, மீதிப் பேருக்கு வெறும் சர்க்கரை மாவு. ஒரே டப்பா, ஒரே ஆரஞ்சு வாசனை. யாருக்கு எது என்று குடிக்கிறவனுக்கும் தெரியாது, கொடுக்கிற அவளுக்கும் தெரியாது. தெரிந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? புள்ளிவிவரக்காரர் ஒருவருக்கு மட்டும் தெரியும். சோதனை முடியும்வரை அவர் வாயைத் திறக்க மாட்டார்.

தோள் தசை கிழிந்து தேறி வந்த குச்சியையும் அவனுடைய பயிற்சியாளர் அந்தச் சோதனையில் சேர்த்துவிட்டார். "சொந்தத் தம்பி சார், சரியா வருமா?" என்று அக்கா இழுத்தாள்.

"எந்த டப்பான்னு உனக்கே தெரியாதேம்மா. அப்புறம் தம்பியா இருந்தா என்ன, தாத்தாவா இருந்தா என்ன?" என்று துறைத் தலைவர் வாயை அடைத்துவிட்டார்.

குச்சிக்கோ ஆராய்ச்சியைப் பற்றிக் கவலையே இல்லை. தேசியப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கும் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த தேர்வு வருவதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவான். இதை விட்டால் முகாம் கனவுக்கு முழுக்குதான்.

பொடி குடிக்கத் தொடங்கிய பிறகு பையனுக்கு என்ன ஆனதோ, பளு அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டே போனது. காயத்துக்கு முன்னால் திணறித் திணறித் தூக்கியதை இப்போது பேசிக்கொண்டே தூக்கினான். வீட்டுக்கு வந்தால் தரையில் கால் பாவாது.

"டப்பா டாக்டர், உன் பொடி பிச்சு உதறுதுக்கா! எனக்கு நிஜப் பொடிதான், சந்தேகமே இல்ல."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுடா."

"உனக்குத் தெரியாட்டி என்ன, என் தோளுக்குத் தெரியுதே!"

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு அவன் பொடியைக் குலுக்கிக் கலக்கும் பிளாஸ்டிக் குப்பியைக் கழுவ எடுத்தாள். அங்கேதான் வந்தது வினை. நிஜப் பொடி தண்ணீரில் முழுசாகக் கரையாது, அடியில் நைசான மணல் மாதிரி தங்கும். ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ குப்பிகளைக் கழுவிய கை அவளுடையது. தம்பியின் குப்பியில் ஒரு துகள் இல்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்கப் பார்த்தாள், பளபளவென்று இருந்தது.

சர்க்கரை மாவு! வெறும் மாவைக் குடித்துவிட்டுத்தானா இந்தத் துள்ளல்? நம்பிக்கையிலேயே ஆட்கள் பலம் கூடுவது உண்டு. அதைப் பற்றி அவளே கூட்டங்களில் பேசியிருக்கிறாள். ஆனால் நம்பிக்கை தசையைத் தைத்துக் கொடுக்குமா? ஆறாத தோள் ஆறியதாக நினைத்துக்கொண்டு ஏற்றுகிறானே, ஒருநாள் பட்டென்று போனால்?

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சோதனை கெடும். கண்டுகொள்ளாததுபோல் தன் வேலையைப் பார்த்தாள். ஆனால் அவன் ஒவ்வொரு முறை தோளைச் சுழற்றும்போதும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

தேர்வுக்கு முந்தைய வாரம், சமையலறையில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்றான்.

"நாளைக்குப் புது வெயிட்டு போடப்போறேன்."

"உன் தோளைப் பார்க்கிற பிசியோ என்ன சொன்னாங்க?"

"அந்தம்மா கெடக்குறாங்க. வேண்டாமாம். அவங்களுக்கு என்ன தெரியும்? பொடி இருக்கு, நான் இருக்கேன்."

"தோள் திரும்பக் கிழிஞ்சா ஆயுசுக்கும் தூக்க முடியாதுடா. விளையாடாதே."

"கிழியாதுக்கா. நிஜப் பொடி குடிக்கிறவன் நான்."

"மண்ணாங்கட்டி! நீ குடிக்கிறது சர்க்கரை மாவுடா!"

சொல்லிவிட்டாள். கத்தி வெங்காயத்தின் பாதியிலேயே நின்றது. அவன் முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு வடிந்துவிட்டது.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்குத் தெரியும். என் வேலையே அதுதானே?"

அவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வளர்ந்த பையன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் புது வெயிட்டு போடவில்லை. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. ஆனால் பழைய வெயிட்டும் ஏறவில்லை. போன வாரம் பேசிக்கொண்டே தூக்கிய கம்பி இடுப்பைத் தாண்டவில்லை. "என்னடா ஆச்சு உனக்கு?" என்று பயிற்சியாளர் எகிறினார். இவன் தலையைக் குனிந்துகொண்டு கையுறையைக் கழற்றினான். பொடி டப்பாவை அன்றோடு தொடவில்லை.

தேர்வு நாளில் அக்கா பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இந்தப் போட்டியில் முதலில் கேட்ட எடை ஏறவில்லை என்றால் அதற்குக் கீழே இறங்க முடியாது. மூன்று வாய்ப்பும் அதே எடையிலோ அதற்கு மேலோதான். பயிற்சியாளர் பழைய குச்சியை நம்பி எடையைக் கேட்டிருந்தார். முதல் தடவை கம்பி முன்னால் விழுந்தது. இரண்டாம் தடவை தலைக்கு மேல் போய் முழங்கை மடங்கியது. மூன்றாம் தடவை அவன் குனிந்து கம்பியைப் பிடிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தூக்க முடியாது என்று தெரிந்துதான் குனிந்தான். கம்பி தரையில் மோதிய சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டாள்.

தோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோளைக் காப்பாற்றத்தானே சொன்னாள்? காப்பாற்றிவிட்டாள், போங்கள்!

சோதனை முடிந்து, யாருக்கு எது என்று புள்ளிவிவரக்காரர் திறந்து காட்டும் நாள் வந்தது. அதற்கு முன்பே அவள் எழுந்து, தம்பியிடம் உளறிவிட்டதைச் சொல்லி, அவன் கணக்கைச் சோதனையிலிருந்து நீக்கச் சொன்னாள். துறைத் தலைவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அவள் அத்தனையையும் வாங்கிக்கொண்டாள்.

புள்ளிவிவரக்காரர் கணினியைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "மாவுன்னா சொன்னீங்க? உங்க தம்பிக்குப் போனது நிஜப் பொடி மேடம்."

அவளுக்குப் பேயறைந்தது போல் ஆகிவிட்டது. "இன்னொரு தடவை பாருங்க" என்றாள். பார்த்தார். அதேதான்.

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. குச்சி கூடத்தில் தரையில் உட்கார்ந்து ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தான். வேறு வேலை தேடப் போகிறவன் மாதிரி முகம் தொங்கிக் கிடந்தது.

"டேய், அந்தப் பொடியை எப்படிடா கலக்கினே?"

"எப்படின்னா? வெந்நீர்லதான்."

"வெந்நீர்லயா?"

"பின்னே? முதல் நாள் பச்சைத் தண்ணில கலக்கினேன். மண்ணு தின்ன மாதிரி பல்லுல நறநறன்னுச்சு. வெந்நீர் ஊத்தினா அப்படியே கரைஞ்சிரும். வெதுவெதுப்பா இருக்கும்போதே குடிச்சிருவேன். ஏன்க்கா?"

ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடிக்கவும் என்று எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தவள் அவளேதான். என்ன தண்ணீர் என்று எழுதவில்லை. சூட்டில் அது கரையும் என்பது அவளுக்குத் தெரியாததும் அல்ல. அக்காக்காரியின் பயம் முந்திக்கொண்டு வந்து, ஆராய்ச்சிக்காரியின் மூளையை மழுங்கடித்துவிட்டது.

அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "உனக்குக் குடுத்தது நிஜப் பொடிடா" என்றாள். "குப்பி அடியில ஒண்ணும் இல்லைன்னு பார்த்து நானா முடிவு கட்டிட்டேன். உன் தோள் நெஜமாவே தேறிட்டுத்தான் இருந்திருக்கு. நீ தூக்கினது எல்லாம் நெஜம். நான்தான்டா கெடுத்தேன்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவன் துடைத்துக்கொண்டிருந்த ஷூவைக் கீழே வைத்தான். வலது தோளை இடது கையால் ஒருமுறை பிடித்துப் பார்த்துக்கொண்டான்.

"எதுல கலக்கிக் குடிக்கிறேன்னு ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமேக்கா" என்றான்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.