பன்னிரண்டாவது வயிறு

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வின்சென்டின் வயிற்றுக்குள் இறங்கிய மாத்திரை, வியாழக்கிழமை காலையிலும் இரைப்பையை விட்டு நகரவில்லை. மற்ற பதினொரு பேருக்கும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் அது அங்கே தங்கியதில்லை.

மாத்திரை என்றால் கரைகிற மாத்திரை அல்ல. பேரீச்சம்பழம் அளவு, உள்ளே ஒரு குட்டி வானொலி. குடல் எவ்வளவு அழுத்துகிறது, உள்ளே எவ்வளவு புளிப்பு என்பதையெல்லாம் இடுப்பில் கட்டிய பெட்டிக்கு அது சொல்லிக்கொண்டே இருக்கும். மின்கலம் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி வரைதான் தாங்கும்.

டாக்டர் சாந்தினிக்கும் அதுவரைதான் அவகாசம். குடலுக்கென்று தனியாக நரம்புகள் உண்டு, கோடிக்கணக்கில். பாதி நிர்வாகத்தை அவை தலைக்குத் தெரியாமலே நடத்திக்கொள்ளும். தலை எப்போது குறுக்கே பேசுகிறது, குடல் எப்போது கேட்கிறது என்பதுதான் அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி. பன்னிரண்டு வயிறு காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். பதினொன்றோடு நின்றால் ஆராய்ச்சியை மூடிவிடுவதாக மேற்பார்வைக் குழு கடிதம் அனுப்பியிருந்தது.

அவள் வின்சென்டைத் தேர்ந்தெடுத்ததற்கு நியாயம் இருந்தது. முப்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பகல் பன்னிரண்டரைக்கு அவர் வயிறு போடும் சத்தம் கேட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் லாரிக்காரர்கள் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். மழை நாளில் கொஞ்சம் மங்கலாகக் கேட்கும், அவ்வளவுதான்.

"அங்கிள், உண்மையச் சொல்லுங்க. இந்த மூணு நாள்ல திருட்டுத்தனமா ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர். நீங்க குடுத்த அந்த ஓட்ஸ் கட்டிதான். அட்டப்பெட்டிய மெல்லுற மாதிரி இருக்கு லா."

"அப்புறம் ஏன் நகர மாட்டேங்குது?"

"அதுக்கு நம்பிக்கை இருக்கு டாக்டர்."

"எதுக்கு?"

"வயித்துக்கு. நல்ல சாப்பாடு வரும்னு காத்துக்கிட்டு இருக்கு."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. வின்சென்ட் முப்பது வருடமாகத் தினம் ஒரு வேளை இப்ராஹிம் கடையில் நாசி கண்டார் என்னும் கறிச்சோறு சாப்பிட்டவர். தவக்காலத்துக்காக விபூதிப் புதனன்று அதை விட்டார். ஈஸ்டர் வரை தொடுவதில்லை என்று நேர்ச்சை. அந்த நேரம் பார்த்து, சப்பென்ற சாப்பாடு சாப்பிட ஆள் தேவை என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. ஒரே பட்டினியில் ஆண்டவரையும் விஞ்ஞானத்தையும் சேர்த்தே திருப்திப்படுத்திவிடலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"ஏன் அங்கிள், ஃபாரத்துல எழுதியிருக்கலாமே!"

"ஃபாரத்துல கேக்கலையே. சீனி வியாதி இருக்கான்னு கேட்டீங்க, ஆப்பரேஷன் பண்ணியிருக்கான்னு கேட்டீங்க. கர்ப்பமான்னுகூடக் கேட்டீங்க, இல்லன்னு எழுதினேன்."

சாந்தினி நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். காலியான இரைப்பை, இனி சாப்பாடு இல்லை என்று தெரிந்ததும் மேலிருந்து கீழாக ஒரு பெருக்குப் பெருக்கும். மாத்திரை மாதிரிப் பெரிய பொருள்கள் அந்தத் துடைப்பத்தோடுதான் வெளியேறும். வின்சென்டின் இரைப்பை விருந்தாளியை எதிர்பார்த்து, துடைப்பத்தையே தொடாமல் இருந்தது. மூளையிலிருந்து பலமாக ஓர் உத்தரவு வந்தால் எழுந்திருக்கும் என்று அவள் நினைத்தாள். அவர் என்ன சாப்பிடலாம் என்பதற்கு விதி இருந்தது. எதை முகர்ந்து பார்க்கலாம் என்பதற்கு இல்லை.

"மோந்து பாக்குறது பாவமா டாக்டர்?" இப்ராஹிம் கடைக்குக் காரில் போகும்போது வின்சென்ட் கேட்டார்.

"உங்க ஃபாதர்கிட்ட கேளுங்க அங்கிள்."

"அவருகிட்ட கேட்டா பாவம்னுடுவாரு. அதான் உங்ககிட்ட கேக்குறேன்."

"எங்க விதியில பாவம் இல்ல."

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், இப்ராஹிம் கடை வரிசை வெயிலில் வளைந்து நின்றது. முப்பத்தைந்து நிமிடம் இருவரும் நின்றார்கள். சாந்தினி பெட்டியின் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மசாலா வாசனை வந்தபோது அழுத்தக் கோடு லேசாக நெளிந்தது. கோழி பொரியும் வாசனைக்குக் கொஞ்சம் கூடுதலாக. மாத்திரை இருந்த இடத்திலேயே ஆடியது, நகரவில்லை. வின்சென்டுக்கு வேர்த்துக் கொட்டியது.

"வின்சென்ட் அண்ணே!" இப்ராஹிம் கரண்டியை உயர்த்தினார். "ஒரு மாசத்துக்கு மேல ஆளையே காணோம்! போயிட்டீங்களோன்னு நெனச்சு, மீன் தலை பொரிக்கிறப்பல்லாம் உங்க ஞாபகம்தான். வழக்கம்போலவா? பஞ்சிர்?"

பஞ்சிர் என்றால் வெள்ளம். நாலு கறியும் கலந்து, சோறு முங்குகிற அளவுக்கு ஊற்றுவது. கரண்டி சட்டிக்குள் போய் நிறைந்து மேலே வந்தது.

வின்சென்ட் கண்ணை மூடிக்கொண்டார். "ஒண்ணும் வேணாம் பாய். சும்மா வந்தேன்."

வரிசை முழுக்கப் பேச்சு நின்றுவிட்டது. அந்த இடம் வரை நின்று வந்து வேண்டாம் என்றவர் கடையின் சரித்திரத்திலேயே இல்லை. மேலே மின்விசிறிகூட ஒரு சுற்று நின்று பார்த்துவிட்டுச் சுழன்றது.

திரையில் கோடு எழும்பியது. இருபது வினாடிக்கு ஒரு தள்ளு, ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியதாக. பிறகு புளிப்புக் கோடு விழுந்தது. மாத்திரை இரைப்பையைத் தாண்டிவிட்டது.

"போயிடுச்சு!" என்று சாந்தினி கத்தினாள்.

"எது, மீன் தலையா?" என்று பின்னால் நின்றவர் பதறினார்.

வாசனை காரணமில்லை என்பது சாந்தினிக்கு அப்போதே புரிந்தது. இனி சோறு வராது என்பதை அந்த வயிற்றுக்கு நாற்பது நாளாக யாரும் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கவில்லை.

அவள் நடந்ததை நடந்தபடியே அறிக்கையில் எழுதினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் குழுவின் பதில் வந்தது. கண்டுபிடிப்பு முக்கியமானது, ஆராய்ச்சி தொடரலாம். ஆனால் பன்னிரண்டாவது நபர் வரிசையில் நின்று மறுத்திருக்கிறார், மற்றவர்கள் மறுக்கவில்லை. ஆகவே பதினொரு பேரும் மறுபடி மாத்திரை விழுங்கி, அதே வரிசையில் நின்று, அதே கரண்டிக்கு எதிரே மறுக்க வேண்டும்.

இப்ராஹிம் முதலில் ஒப்பவில்லை.

"ஒரு ஆளு வேணாம்னு சொன்னதுக்கே பின்னாடி நின்ன நாலு பேரு யோசிச்சுக்கிட்டே போயிட்டாங்க தங்கச்சி. இன்னும் பதினொண்ணா? கறில என்னமோன்னுல்ல பேசுவாங்க!"

"உங்க பேரு கெடாம நான் பாத்துக்கிறேன் பாய்."

"அப்ப ஒண்ணு. வேணாம்னு மொட்டையா சொல்லக் கூடாது. டாக்டர் சாந்தினி வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு, வரிசைக்கே கேக்குற மாதிரி சொல்லணும்."

சாந்தினி சம்மதித்தாள்.

ஈஸ்டருக்கு மறுநாள் வின்சென்ட் வந்து மூன்று தட்டு சாப்பிட்டார். அவர் வயிறு என்ன செய்தது என்பதற்குப் பதிவு இல்லை, மின்கலம் தீர்ந்திருந்தது. அடுத்த பதினொரு நாளும் நாளுக்கு ஒருவர் கரண்டி வரை வந்து, அவள் பெயரை உரக்கச் சொல்லித் திரும்பினார்கள். பதினொரு மாத்திரையும் கரண்டி இறங்குவதற்குள் நகர்ந்தன. ஆராய்ச்சி முடிந்தது, குழு பாராட்டியது.

பாராட்டு வந்த அன்று சாந்தினி தனியாகப் போய், நாற்பது நிமிடம் வரிசையில் நின்று, கரண்டி முன்னால் வந்தாள்.

"வாங்க டாக்டர்," என்று இப்ராஹிம் மரியாதையாகக் கரண்டியைக் கீழே வைத்தார். "உங்களுக்கு வேணாம்தானே. அடுத்த ஆளு!"