தெராக்காவிடம் கேட்டது

முழங்கால் வரை சேற்றோடு பிலிப்பா என் வீட்டுக்குள் ஏறியபோது, அவளுக்கென்று சுட்ட மீனுக்கு நான் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தேன். சேற்றைப் பார்த்ததுமே எங்கே போய்விட்டு வருகிறாள் என்று தெரிந்துவிட்டது. அந்தக் கரிய, வழவழப்பான சேறு எங்கள் ஊரில் ஒரே ஒரு குழியில்தான் உண்டு.

“ரோத்தியா, எனக்குச் சாப்பாடு வேணாம். தெராக்கா குடுத்துட்டாங்க,” என்றாள், எங்கள் பேச்சைப் புதிதாகக் கற்றுக்கொண்டவளின் மழலையில். “அவங்க பாபாய்ச் செடி இருக்கே, என் தலைக்கு மேல நிக்குது! இப்படி நான் எங்கயும் பாத்ததே இல்ல.”

“அப்படியா, நல்லது,” என்று சிரித்தேன். அவள் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனதும் மீனை எடுத்து நாய்க்குப் போட்டேன். வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், அடுப்பை விட நன்றாகவே எரிந்தது.

பிலிப்பா நியூசிலாந்துக்காரி. எங்கள் தீவின் செடி கொடிகளை எழுதிக்கொண்டு போக ஆறு வாரம் வந்திருந்தாள். யார் வீட்டில் தங்க வைப்பது என்று ஊர் கூடிப் பேசியபோது என் பெயரைத்தான் சொன்னார்கள். சிமெண்ட் தரை போட்ட வீடு என்னுடையது. சிரிக்கச் சிரிக்கப் பேசவும் எனக்கு வரும். முதல் மூன்று வாரம் அவள் எனக்கே எனக்காக இருந்தாள். தாழம்பழத்தை எப்படிக் கடித்துச் சப்புவது, அலை வற்றியதும் எந்த மணலில் கால் வைத்தால் சிப்பி கிடைக்கும், தென்னம்பாளையில் வடியும் பதநீரைக் காய்ச்சிப் பாகாக்குவது எப்படி, எல்லாம் நான்தான் காட்டினேன். நோட்டும் கையுமாக என் பின்னாலேயே வருவாள். வழியில் பார்க்கிறவர்கள், “ரோத்தியாவுக்கு வாலு முளைச்சிருக்குடோய்,” என்று கேலி செய்வார்கள். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று யாருக்கும் தெரியாது.

நான்காம் வாரம் அவள் தெராக்காவின் குழியைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

தெராக்கா என் ஓரகத்தி, என் வீட்டுக்காரர் கபூட்டாவின் அண்ணன் பெண்டாட்டி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சீமைப்பலா மரமும் நாற்பதடிப் பாதையும்தான். அதிகம் பேசமாட்டாள். பேசாமலேயே ஊரில் பெயர் வாங்கத் தெரிந்தவள். நிலத்தடி நல்ல தண்ணீர் தொடும்வரை பவளக்கல்லைத் தோண்டி, அந்தக் குழியில்தான் நாங்கள் பாபாய் வளர்ப்போம். சேம்பு மாதிரிதான், ஆனால் ஆள் உயரத்துக்கு மேல் போகும். செடியைச் சுற்றி அடியில்லாத கூடை பின்னி, அதற்குள் தழை நறுக்கிப் போட்டு மண் நிரப்ப வேண்டும். எந்தத் தழை, எவ்வளவு, எப்போது என்பதைப் பெற்ற மகளுக்கு மட்டும்தான் சொல்வார்கள். ஒருமுறை தாழைப் புதருக்குள் குத்தவைத்து உட்கார்ந்து தெராக்கா என்ன போடுகிறாள் என்று பார்த்தேன். கொசு என் ரத்தத்தில் பாதியைக் குடித்தது. பார்த்ததை அப்படியே வந்து என் குழியில் போட்டேன். என்னுடைய ஆறு செடியும் அழுகி நாறின. நான் ஒளிந்திருந்தது தெரிந்தேதான் வேறு தழையை நறுக்கியிருக்கிறாள் மகராசி. நான் ஒளிந்த மறுநாளே கிணற்றடியில் பார்த்தபோது, “என்ன ரோத்தியா, உடம்பெல்லாம் தடிச்சிருக்கு? கொசுவா?” என்று மட்டும் கேட்டாள்.

அவளிடம் ஒரு பெரிய செடி இருந்தது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருடம் நட்டது, பதிமூன்று வருடமாகத் தோண்டாமல் வைத்திருந்தாள். ஒவ்வொரு விருந்துக்கும் ஊர் எதிர்பார்க்கும், அவள் வேறு கிழங்கை எடுத்துக் கொடுப்பாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு நான்கு. அந்தச் செடியை அவள் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறாள் என்று ஊரில் சொல்வார்கள். “பிள்ளையா இருந்தா பதிமூணு வருஷத்துல ஒரு வேலையாவது செஞ்சிருக்கும்,” என்று நான் சொல்லியிருக்கிறேன். அது அவள் காதுக்குப் போயிருக்கும்.

பிலிப்பா கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் ஊர் மண்டபத்தில் அவளுக்கு விருந்து வைத்தோம். மண்டபத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உட்கார ஓர் இடம் உண்டு, மாற்ற முடியாது. அண்ணன் தம்பி பெண்டாட்டிகள் என்பதால் நானும் தெராக்காவும் ஒரே பாயில் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். என் மடியில் கடைக்குட்டி மரேயா, இரண்டரை வயது. ஆட்டம் முடிந்து, பூமாலை போட்டு, பிலிப்பாவைப் பேசச் சொன்னார்கள். அவள் எழுந்து தன் நோட்டைத் திறந்தாள். ரோத்தியா எனக்கு நல்ல மீன் கொடுத்தார் என்றாள். நல்ல மீன்! ஆறு வாரத்துக்கு நல்ல மீன்! அப்புறம் தெராக்கா, தெராக்காவின் கை, தெராக்காவின் மண், தெராக்காவின் பொறுமை என்று மூச்சு விடாமல் பேசினாள். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். ஊரே கை தட்டியது. பக்கத்தில் தெராக்கா குனிந்து பாயின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் சந்தோஷம் சிவப்பாக ஏறுவது எனக்கு மட்டும் தெரிந்தது.

நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

“தெராக்கா அக்கா,” என்றேன் எல்லாருக்கும் கேட்கும்படி. “உங்ககிட்ட புபுத்தி கேக்குறேன். அந்தப் பெரிய பாபாயை எனக்குக் குடுங்க.”

உறவுக்காரர் வாயால் புபுத்தி என்று கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சைக்கிளோ, சட்டையோ, படகோ, கொடுத்தே ஆக வேண்டும். இல்லை என்பவர் அந்த மண்டபத்தில் மறுபடி தலை நிமிர்ந்து உட்கார முடியாது. அதனாலேயே வாய்க்கு வந்ததையெல்லாம் யாரும் கேட்பதில்லை. கபூட்டா என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். பிலிப்பா ஒன்றும் புரியாமல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தெராக்கா என்னைப் பார்க்கவில்லை. என் மடியிலிருந்து நழுவித் தன் பக்கம் விழுந்திருந்த மரேயாவை நிமிர்த்தி உட்கார வைத்தாள்.

“எடுத்துக்கோ,” என்றாள்.

அவளே குழிக்குள் இறங்கித் தோண்டினாள். யாரையும் தொட விடவில்லை. மூன்று ஆண்கள் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிலிப்பா படம் எடுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் விமானம் ஏறும்போது என்னைக் கட்டிக்கொண்டாள்தான், ஆனால் கையில் பிடிப்பில்லை. கிழங்கை மண் அடுப்பில் வேகவைத்து, தேங்காய்ப்பாலும் பாகும் ஊற்றி ஊருக்கெல்லாம் கொடுத்தேன். நானும் சாப்பிட்டேன். அந்த ருசியைச் சொல்ல வாயில்லை. என் கையால் இப்படி ஒன்று இந்த ஜென்மத்தில் விளையாது என்று ஒவ்வொரு வாய்க்கும் நினைத்துக்கொண்டே விழுங்கினேன்.

அன்றைக்குக் கபூட்டா சாப்பிடவில்லை.

“அறிவு இருக்காடி உனக்கு? பதிமூணு வருஷம் அவ நம்மகிட்ட ஒரு தீக்குச்சி கேட்டதில்ல. இப்ப நீ கேட்டுட்ட. இனி அவ கேப்பா.”

“கேக்கட்டுமே. என்ன இருக்கு நம்மகிட்ட?”

அவர் வாசலில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்த மரேயாவைப் பார்த்தார். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய் அவளைத் தூக்கிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் பிள்ளை இல்லாதவர்கள் கூடப்பிறந்தவர் பிள்ளையைக் கேட்டு வாங்கி வளர்ப்பது புதிதல்ல. கபூட்டாவே அப்படிக் கொடுக்கப்பட்டு வளர்ந்தவர்தான். தெராக்கா எப்போதோ கேட்டிருக்க வேண்டியவள். முதல் பிள்ளைக்குக் கேட்பாள் என்றார்கள், இரண்டாவதுக்குக் கேட்பாள் என்றார்கள். கேட்கவில்லை. திமிர் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் நான் அடித்த கூத்தைக் கேளுங்கள். என் தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பளபளவென்று வாசலுக்கு நேராக வைத்தேன். ஊரில் அந்த மாதிரி இன்னொன்று இல்லை. பக்கத்தில் புதுப் பாய், அதன் மேல் பிரிக்காத போர்வை. முட்டையிடுகிற இரண்டு கோழிகளைத் தெராக்கா வரும் வழியில் கட்டினேன். எதையாவது கேட்டுத் தொலை, எல்லாவற்றையும் கேள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். மரேயாவை மட்டும் தீவின் மறுகோடியில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். நான்கு நாள் இருந்தாள். ஐந்தாம் நாள், “பிள்ளை ஏங்கிப் போச்சு,” என்று என் தம்பி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

தெராக்கா அன்றைக்குக் காலையிலேயே வந்தாள். தலை வாரி, சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தாள். உட்கார்ந்தாள். பதநீர் கொடுத்தேன், குடித்தாள். தையல் மெஷினைப் பார்த்தாள்.

“நல்ல மெஷின்.”

“எடுத்துக்கோங்க அக்கா! இப்பவே தூக்கிட்டுப் போங்க. எனக்குக் கண்ணும் சரியில்ல.”

“எனக்குத் தைக்கத் தெரியாதே,” என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ரோத்தியா, நீ ஒவ்வொரு தடவை வயித்தைத் தள்ளிக்கிட்டு இந்த வழியா நடக்கும்போதும் எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? உள்ள போய்ப் படுத்துக்குவேன். ஆனாலும் கேக்கல. கேட்டா உன்னால மாட்டேன்னு சொல்ல முடியாதே, அது பாவம்னுதான் கேக்கல.” காலிக் கோப்பையைக் கீழே வைத்தாள். “எல்லாருக்கும் முன்னாடி நீ என்கிட்ட கேட்ட பாரு, அப்பதான் எனக்கு வாய் வந்துச்சு. புபுத்தி. மரேயாவைக் குடு.”

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அழுதிருந்தால் நானும் அழுது ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். இத்தனை வருடம் நான் அவளைப் பார்த்து எரிந்துகொண்டிருக்க, அவள் என்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்திருக்கிறாள். அது தெரிந்தும் என் வயிறு குளிரவில்லை. அவள் முகத்தில் ஏறிய அந்த ஆசையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

“எடுத்துக்கோங்க,” என்றேன்.

மரேயாவின் இரண்டு சட்டையையும் பாவாடையையும் மடித்துக் கொடுத்தேன். பாலுக்கு அழுவாள், மடியில் போட்டால்தான் தூங்குவாள், நண்டைப் பார்த்தால் பயப்படுவாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்றை மட்டும் வேண்டுமென்றே சொல்லவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது நெற்றியில் கையை அணைவாக வைக்க வேண்டும். கண்ணில் ஒரு சொட்டு பட்டாலும் ஊரைக் கூட்டிவிடுவாள், நான் தூக்கினால்தான் அடங்குவாள்.

சாயங்காலம் வெயில் இறங்கும் முன்பே துண்டை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். சீமைப்பலா மரத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள் கிணற்றடி. வாளி இறங்கும் சத்தம் கேட்டது, ஏறும் சத்தம் கேட்டது. அழட்டும், ஒரே ஒரு தடவை அழட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கொட்டும் சத்தத்தோடு வீலென்று ஒரு கத்தல் எழுந்தது. அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது, அது சிரிப்பு. தெராக்கா முழங்காலிட்டு, குழந்தையின் நெற்றியில் தன் உள்ளங்கையைக் கூரை மாதிரி கவிழ்த்திருந்தாள். அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. “இன்னும், இன்னும்,” என்று மரேயா குதித்தாள்.

நான் பாதையின் நடுவில் நின்றேன். என் பின்னால் வீட்டில் ஏதோ தீயும் வாடை வந்தது. தெராக்கா நிமிர்ந்து பார்த்தாள், என் கையில் இருந்த துண்டைப் பார்த்தாள். ஈரக் கையை நீட்டினாள், கொடு என்பது போல.