நாலு இறக்கை பிட்

களிமண்ணில் போர்வெல் துளைக்க மூன்று இறக்கை வைத்த பிட் போதும் என்று மருமகன் காலையிலேயே சொல்லிப் பார்த்தார். இறக்கைகளுக்கு நடுவே தாராளமாக இடம் இருந்தால்தான், சீவிய மண்ணைத் தண்ணீர் கழுவி மேலே கொண்டுவரும். நாலு போட்டால் அடைத்துக்கொள்ளும். துளை நூல் பிடித்தாற்போல் இறங்க நாலுதான் என்று மாமனார் ஒரே பிடியாக நின்றார். அவருடையது மூன்று தலைமுறையாகப் போர்வெல் போடும் குடும்பம்.

"பொண்ணைத்தான் குடுத்தேன் மாப்பிள்ளை, ரிக் மெஷினைக் குடுக்கல."

மருமகன் சிரித்துவிட்டு ஸ்பானரை நீட்டினார்.

முப்பதாவது அடியில், மேலே வந்துகொண்டிருந்த சேறு நின்றது. பம்பு ஓடியது, தண்ணீர் உள்ளே போனது, எதுவும் திரும்பவில்லை. மாமனார் துளைக்குள் எட்டிப் பார்த்தார். அவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது?

ஆறடி தள்ளி வீட்டுச் சுவர். உள்ளே, போர் போடச் சொன்ன தையல்கார அம்மாவும், எழுந்து நடக்க முடியாத அவர் கணவரும். அந்தச் சுவரடியில் சிமெண்டுத் தரை பிளந்து, சாம்பல் நிறச் சேறு கொப்பளித்தது.

மாமனார் பம்பை நிறுத்தினார். கை தானாகத் தூக்கும் லீவருக்குப் போனது. இந்தக் குடும்பத்தில் யாரும் பிட்டை மண்ணுக்குள் விட்டுவிட்டு வந்ததில்லை. பிட்டைத் தாங்கிய ராடு ஒரு சாண் உயர்ந்ததும் கீழே எதையோ உறிஞ்சும் சத்தம். சுவரில் முடி போல ஒரு கோடு ஓடியது.

மருமகன் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். கல்யாணமான நாள் முதல் அவரைத் தொட்டுப் பேசாதவர்.

"பிட்டுல மண்ணு உருண்டை பிடிச்சிடுச்சு மாமா. இழுத்தா ஊசியில மருந்து இழுக்கற மாதிரி அடிமண்ணை உறிஞ்சிடும். வீடே சரிஞ்சு வந்துடும்."

"விட்டுட்டுப் போனா ஊரே சிரிக்கும்."

"உயிரோட இருந்து சிரிக்கட்டும் மாமா."

மாமனார் தன் விரல்களை லீவரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. பிறகு வீட்டுக்குள் ஓடினார். தையல்கார அம்மா மெஷினை நிறுத்தாமல், இந்த ஓரம் மட்டும் அடித்துவிட்டு வருகிறேன் என்றார்.

"தப்பான பிட்டைப் போட்டுட்டேன்மா. தப்பு என்னுது. வீடு நிக்குமான்னு தெரியல, உடனே வெளிய வாங்க."

மெஷின் நின்றது. கட்டிலோடு கணவரைத் தூக்கினார்கள். தலைமாட்டில் மருமகன், கால்மாட்டில் மாமனார். வாசலைத் தாண்டும்போது பின்னால் சுவர்க் காரை பொலபொலவென உதிர்ந்தது.

"நான் அவ்வளவு கனமா பெரியவரே? கொஞ்சம் இறக்கி வைங்க" என்றார் படுத்திருந்தவர்.

தெருமுனை வரைக்கும் மாமனார் கட்டிலை இறக்க விடவில்லை.